ஏழாம் வரிசையில் அப்பா

இந்த வருடக் கல்லறைத் திருநாளன்று மூன்று மணிக்கே முதலியார்பேட்டையில் ஆட்டோ பிடித்துவிட்டேன். எண்பத்து மூன்று வயதில் எனக்கு அப்படியொரு அவசரம் வந்து வெகுகாலம் ஆகிறது. மடியில் சாமந்திப் பொட்டலம், ஒரு பாக்கெட் மெழுகுவத்தி, கைப்பைக்குள் முழுசாகச் சார்ஜ் ஏற்றிய போன். நாலரை மணிக்குப் பிரான்சிலிருந்து என் மகன் வீடியோவில் கூப்பிடுவான். அப்போது அவன் என் அப்பாவின் கல்லறை முன்னால் நின்றுகொண்டிருப்பான். அப்பா புதைந்திருக்கும் இடத்தை நான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கப்போகிறேன். ஒவ்வொரு சிக்னலிலும் நான் திட்டிய திட்டுக்கு அந்த ஆட்டோக்காரரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

என் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரை, பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஆனால் பட்டாளம் அவருடைய பிழைப்பு இல்லை, மில்லில் தறி ஓட்டியவர். உலக யுத்தத்தின்போது ஆள் எடுத்தார்கள். கட்டாயம் எதுவும் கிடையாது. இவராகப் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் வீட்டில் சொன்னாராம். அம்மாவின் வயிற்றில் நான் நான்கு மாதம். ஏன் போனார் என்று கேட்டால் அம்மா ஒரு நாள் ரோஷம் என்பாள், இன்னொரு நாள் கூட்டாளிகளோடு சேர்ந்த கோளாறு என்பாள். கப்பல் ஏறிப் பார்க்கிற பைத்தியம் என்பது என் கட்சி. அந்தப் பைத்தியம் எனக்கும் உண்டு, ஏறத்தான் வாய்க்கவில்லை.

பட்டாளத்தில் கொடுத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு தெருக்கோடிவரை நடந்து காட்டினாராம். அதுவரை காலில் செருப்புகூடப் போடாத மனிதர். வாத்து மாதிரி நடந்தார் என்று சொல்லி அம்மா சிரிப்பாள், சிரிப்பு முடிவதற்குள் முந்தானை கண்ணுக்குப் போய்விடும்.

அவருடைய போட்டோ எங்களிடம் ஒன்றும் இல்லை. இருப்பது ஒரே ஒரு தபால் அட்டை. அது பல மாதம் கடலைச் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது. அதில் இருப்பது எனக்கு மனப்பாடம். "இவ்விடம் மணலும் ஈயும் தவிர வேறொன்றுமில்லை. பக்கத்துப் படுக்கைக்காரன் அல்ஜீரியா தேசத்து முஸ்லிம். அவன் பாஷை எனக்குப் புரியாது. காப்பிக்குத் தன் சர்க்கரையில் பாதியை எனக்குத் தருகிறான். குழந்தைக்கு மூக்கு யாருடையது? அவசியம் எழுதவும்."

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அன்றைக்கே பக்கத்து வீட்டு வாத்தியாரைப் பிடித்து, மூக்கு உங்களுடையதேதான் என்று பதில் எழுத வைத்தாள். அதற்கு அவரிடமிருந்து மறுகடிதம் வருவதற்கு முன்னால் வேறொரு காகிதம் வந்தது. பிரான்சுக்காக உயிர் துறந்தார் என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. தேதி இருந்தது, இடம் இல்லை. இரண்டு மாதம் கழித்து அம்மா அனுப்பிய கடிதமும் பிரிக்காமல் திரும்பி வந்தது. எனக்கு இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் 'மூக்கு டீச்சர்' என்றுதான் பெயர். எந்தப் பிள்ளை முதலில் வைத்தது என்று கண்டுபிடிக்க நான் செய்யாத விசாரணை இல்லை. ஆனால் உள்ளுக்குள் பெருமைதான். தன் மூக்கு எனக்கு வந்தது தெரியாமலேயே அந்த மனிதர் செத்துப்போனார் என்பதை நினைத்தால்தான் இன்றைக்கும் ஆற்றாமையாக வரும்.

திருநாளன்று எங்கள் ஆட்கள் கல்லறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றி வைப்பார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசையாக வருவார். எனக்கு அம்மாவின் கல்லறை இருக்கிறது, வீட்டுக்காரரின் கல்லறை இருக்கிறது. அப்பாவின் மெழுகுவத்தி மட்டும் நடுவில் நிற்கும் பெரிய சிலுவையடிக்குப் போகும். வேறெங்கோ செத்தவர்களுக்கெல்லாம் அதுதான் இடம். அந்தக் கும்பலில் எது என் அப்பாவுடையது என்று ஐந்து நிமிடத்தில் எனக்கே தெரியாது. "அவரு எங்க கெடக்கறாருன்னு பாத்து ஒத்த மெழுகுவத்தி வெச்சுடு" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா கண்ணை மூடினாள். நான் போவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம்.

என் மகன் முப்பது வருடமாகப் பாரீஸ் பக்கத்தில் பஸ் ஓட்டுகிறான். தேடுடா, தேடுடா என்று முப்பது வருடமாகச் சொன்னேன். போன ஆடி மாதம்தான் துரைக்கு நேரம் கிடைத்தது. கம்ப்யூட்டரில் பெயரைப் போட்டதும் வந்துவிட்டதாம்! ஜெர்மனி எல்லையோரம் ஒரு பட்டாளத்துக் கல்லறை. மணலிலிருந்து அவருடைய பட்டாளத்தைக் கடைசியில் அங்கே சண்டைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். எழுதிக் கேட்டதற்கு அலுவலகத்திலிருந்து கடிதமும் வந்தது. ஏழாவது வரிசை, பதினோராவது கல். அன்று ராத்திரி நான் சாப்பிடவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

சரியாக நாலரைக்குப் போன் அடித்தது. அம்மாவின் கல்லறையோரம் நின்றபடி எடுத்தேன். தொப்பி, மப்ளர், சிவந்த மூக்கு என்று மகன் தெரிந்தான். பின்னால் பச்சைப் புல்லில் வெள்ளைச் சிலுவைகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை பிசகாமல்.

"வந்துட்டேம்மா. ஏழாவது வரிசைல போய்க்கினு இருக்கேன்."

"எண்ணு, சத்தமா எண்ணு."

எண்ணினான். பதினொன்றில் நின்றான். "இது யாரோ வெள்ளக்காரன்மா."

அந்தக் கடைசியிலிருந்து எண்ணச் சொன்னேன். அங்கேயும் வெள்ளைக்காரன். ஆறாவது, எட்டாவது என்று இருபது நிமிடம் ஓடினான். ஐம்பத்தெட்டு வயது, முட்டி வலிக்காரன், மூச்சு வாங்கியது. இங்கே மேகம் கறுத்து, பக்கத்துக் குடும்பம் குடையைத் தேடிக்கொண்டிருந்தது. சாமியார் மூன்று வரிசை தள்ளி வந்துவிட்டார்.

"அந்தக் கடுதாசிய முழுசாப் படிச்சியாடா நீ?"

படிக்கவில்லை. வரிசையையும் கல்லையும் பார்த்தானே தவிர, மேலே எந்தப் பகுதி என்று போட்டிருந்ததைப் பார்க்கவில்லை. தாத்தா வேதக்காரர், சிலுவைக்குக் கீழேதானே இருப்பார் என்று நேராகச் சிலுவைப் பக்கம் போய்விட்டான். அவனைச் சொல்வானேன், நானும் அப்படித்தான் போயிருப்பேன். கடிதத்தை விரித்துப் பார்த்துவிட்டு வேலிச்செடியைத் தாண்டி ஓடினான். படம் குலுங்கியது. பிறகு நின்றது.

"அம்மா." குரல் மாறியிருந்தது. "கெடச்சிட்டாரு. ஆனா கல்லு வேற மாதிரி இருக்கும்மா."

காட்டினான். சிலுவை இல்லை. மேலே வளைந்த கல், அதில் பிறையும் நட்சத்திரமும், அரபி எழுத்து. அதற்குக் கீழே, எந்தச் சந்தேகமும் இல்லாமல், என் அப்பாவின் பெயர்.

"காலனிக்காரங்க எல்லாரையும் ஒண்ணா வெச்சு ஒரே கல்லா நட்டுட்டானுங்கம்மா. கறுப்பா இருந்தாப் போதும், யாருன்னு எவன் கேட்டான்? விடமாட்டேன். நம்ம குடும்பத்துலேந்து ஒரு லெட்டர் போட்டா மாத்தித்தான் ஆவணும்."

எனக்கும் கோபம் தலைக்கேறியது. தானாகப் போய்ப் பெயர் கொடுத்தவரிடம் நீ யார் என்று ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லையா! ஞானஸ்நானப் பெயரையே கல்லில் வெட்டிவிட்டு அதன் தலையில் பிறையை வைத்தவனை என்னவென்று சொல்வது? நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் குடும்பமே திரும்பிப் பார்த்தது. கத்தி முடித்த பிறகுதான் அந்த அட்டை ஞாபகத்துக்கு வந்தது.

"பக்கத்துல இருக்கறவங்க யாருன்னு படி."

படித்தான். இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் இரண்டு பேர். முஸ்லிம் பெயர்கள், மூன்று பேருமே அல்ஜீரியா. மெதுவாகச் சொன்னான்: "நாலு பேருக்கும் ஒரே தேதிம்மா."

சர்க்கரையில் பாதி கொடுத்தவர் அந்த மூன்று பேரில் ஒருவரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஆனால் ஒரே நாளில் செத்து ஒரே மண்ணில் கிடக்கிறார்கள்.

"லெட்டர் வேணாம்டா."

"என்னம்மா சொல்ற?"

"எம்பது வருஷமா இவங்க கூடத்தான் படுத்துக்கினு இருக்காரு. நாம இப்பதான் வர்றோம். வந்ததும் வராததுமா எதுக்கு அவர மட்டும் தனியாப் பிரிக்கணும்? வாங்கியாந்த பூவ நாலாப் பிரி."

பிரித்தான். மெழுகுவத்தி ஒன்றுதான் வாங்கிப் போயிருந்தான், கஞ்சன். அங்கே காற்று. மூன்று தடவை அணைந்து, நான்காவது தடவை தொப்பியைக் கழற்றி மறைத்துப் பிடித்தான். நின்று எரிந்தது. அம்மா, வெச்சாச்சும்மா என்று இங்கே கல்லறையைத் தட்டிச் சொன்னேன். நான் கொண்டுபோன பாக்கெட்டிலிருந்து நாலு மெழுகுவத்தியை எடுத்து அம்மாவின் தலைமாட்டில் ஏற்றினேன். சாமியார் வந்து எல்லாவற்றின் மேலும் தீர்த்தம் தெளித்தார், போன் மேலும் இரண்டு சொட்டு விழுந்தது.

"போன வெக்கட்டுமாம்மா? அங்க மழ வருது போல."

"இரு இரு. போன அவரு பக்கம் திருப்பு. நான் பாத்தது போதும், அவரு பாக்கட்டும்."

திருப்பினான். போனைக் கல்லோடு சேர்த்துப் பிடித்திருப்பான் போல, திரை முழுக்க வெள்ளை, அதில் வெட்டிய எழுத்து. அப்பாவை நீ என்பதா நீங்க என்பதா என்றுகூட எனக்குப் பழக்கமில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன். போனை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து, பக்கவாட்டில் திரும்பிக் காட்டினேன்.

"ஒங்க மூக்குதாம்ப்பா," என்றேன். "நல்லாப் பாத்துக்குங்க."