ஒச்சம்மாள் கேட்ட வலி

எந்தத் தாயாவது தன் பிள்ளைக்கு வலி வேண்டும் என்று சாமி கும்பிடுவாளா? திருப்பூர் மண்ணரையில் ஒருத்தி கும்பிட்டாள். பெயர் ஒச்சம்மாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த துணியை வெளிச்சத்தில் விரித்து, புரட்டி, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் போகாது. அவள் வாய்க்குத் தப்பி ஒரு ஆளும் போக முடியாது.

வீட்டுக்கு வந்தாலும் அதே வேலைதான். அதே கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிற மகள் அனுசுயாவை டியூப் லைட்டுக்குக் கீழே நிறுத்தி, கை, கால், முதுகு, பாதம் என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கல்யாண வயதில் நிற்கிற பெண்.

"என்னைய என்ன பனியன்னு நெனச்சியா?" என்று மகள் சிடுசிடுப்பாள். அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான், ஒச்சம்மாள் விடமாட்டாள். ஏனென்றால் அனுசுயாவுக்குப் பிறந்ததிலிருந்தே வலி தெரியாது.

பல் முளைத்த வயதில் தன் நாக்கைத் தானே கடித்து, ரத்தம் வழியச் சிரித்த குழந்தை அது. கணுக்கால் எலும்பு முறிந்தது தெரியாமலேயே பள்ளிக்கூடம் போய்த் திரும்பியது. "தைரியமான புள்ள" என்றார்கள் ஊரில். அடுப்பில் சுட்டுக்கொண்ட கையைப் பிடித்து ஒச்சம்மாள் ஊதினால், "ஊதுனா என்னம்மா ஆகும்?" என்று குழந்தை வேடிக்கை பார்க்கும்.

பெரியவளான பிறகு குடல்வால் உள்ளேயே வெடித்தது. காய்ச்சல் கொதித்த பின்தான் தெரிந்தது. பிழைத்தது மறுபிறவி. நான் கண்ணை மூடிய பிறகு இவளை யார் புரட்டிப் பார்ப்பார்கள் என்ற பயம் அன்றைக்குப் பிடித்தது, விடவேயில்லை. பக்கத்து வீட்டுப் பையன் முட்டியைத் தேய்த்துக்கொண்டு அழுது வந்தால், அவன் தாயைப் பார்த்து இவளுக்குப் பொறாமையாக இருக்கும். "யம்மா, வலிக்குது" என்று ஒரே ஒரு தடவை மகள் வாயால் கேட்டுவிட மாட்டோமா என்று ஏங்கினாள்.

கம்பெனியில் ஊசி உடைந்தால் ஒரு சட்டம் உண்டு. உடைந்த துண்டையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து முழு ஊசியாகக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் தையல் லைனே நின்றுவிடும். வெளிநாட்டில் எவன் பிள்ளையோ போடப்போகிற சட்டைக்குள் ஊசி முனை போனால் கம்பெனிக்கே ஆப்பு.

ஒருநாள் அனுசுயாவின் மெஷினில் ஊசி உடைந்தது. முனையைக் காணோம். சூப்பர்வைசர் ராஜ்கமல் காந்தத்தைத் தரையெல்லாம் இழுத்தார்.

"நல்லாப் பாருங்க கண்ணு, துணிக்குள்ள போயிருக்கப் போகுதுங்க" என்று அவர் கெஞ்ச, அனுசுயாவும் குனிந்து தேடினாள். செக்கிங் டேபிளிலிருந்து ஓடிவந்த ஒச்சம்மாள் துணிப்பக்கமே திரும்பவில்லை. மகளின் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். ஆள்காட்டி விரலில், நகத்துக்கடியில் முனை மினுங்கியது.

"ஆத்தி! இந்தா இருக்கு உங்க ஊசி!" என்று அந்தக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"அதான் கெடச்சிருச்சே, புது ஊசி குடுங்கண்ணே" என்றாள் அனுசுயா. அடிக்கலாம் போலிருந்தது ஒச்சம்மாளுக்கு. அடித்துத்தான் என்ன பயன்?

விரலை அறுத்து முனையை எடுத்த டாக்டர், கோயம்புத்தூரில் வலியைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிற நித்யஸ்ரீயிடம் அனுப்பிவைத்தார். மூலனூர்க்காரப் பெண். ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"நரம்புல பொடிப்பொடியா கதவு இருக்குதுங்கம்மா. அடிபட்டா அது தொறந்து, உப்புல இருக்கற சோடியம் உள்ள போகும். அப்பத்தான் வலிங்கற சேதி கரண்டு மாதிரி மூளைக்கு ஓடும். உங்க புள்ளைக்கு அதுல ஒரு கதவு தொறக்கறதே இல்லீங்க. மூக்கு நரம்புலயும் அதே கதவுதான். அதனாலதான் அவங்களுக்கு மல்லிப்பூ வாசமும் தெரியறதில்ல."

ஒச்சம்மாளின் காதில் உப்பு மட்டும் விழுந்தது. அடடா, இவ்வளவுதானா! அன்றிலிருந்து குழம்பில் இரண்டு பங்கு உப்பு. "கடல்தண்ணியிலயா ஆக்குன?" என்று அனுசுயா தட்டைத் தள்ளினாள். அடுத்த முறை போனபோது கதை நித்யஸ்ரீயின் காதுக்கும் போனது. விழுந்து விழுந்து சிரித்தவள், தாயின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"வாசல்ல எத்தன உப்பக் கொட்டுனாலும் கதவு தொறக்கோணுமல்லங்கம்மா."

"பெறகு எதுக்குத்தான் இத ஆராயுறீங்க?"

"இந்த ஒரு கதவ மட்டும் மூடற மருந்து கெடச்சா, கேன்சர் வந்தவங்க, தீக்காயம் பட்டவங்க நிம்மதியாத் தூங்குவாங்க. அதுக்குத்தானுங்க."

"நல்லாருக்கு கத! ஊருக்கெல்லாம் கதவ மூட அலையுறீங்க. எம்மகளுக்குத் தொறந்துவிட ஒரு ஆளில்ல."

நித்யஸ்ரீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தொறக்கறதுக்கு மருந்து இன்னும் இல்லீங்க, பொய் சொல்ல மாட்டேன். ஆனா கதவு மூடியே இருக்கறதால உடம்பே வலிய மரத்துப்போக வெக்கற ஒரு மருந்தச் சொரக்குதுன்னு நெனைக்கறோம். அதை வேற மருந்து ஏத்தி முறிச்சுப் பாக்கலாம். வலி தெரிஞ்சாலும் தெரியும், தெரியாமயும் போகும். தெரிஞ்சாலும் கொஞ்ச நேரந்தான். அப்பறம் பழையபடிதானுங்க."

"பாத்துருவோம்மா" என்றாள் அனுசுயா. "எல்லாரும் வலி வலின்னு அதையே பேசுறாங்க. எனக்கு மட்டும் என்னன்னே தெரியல."

சோதனை நாளன்று மகளை உள்ளே படுக்கவைத்தார்கள். வலது கையில் மருந்து ஏற, இடது கையில் சூடேறும் சின்ன வில்லையை வைத்தார்கள். தோல் வெந்துபோகாத அளவுக்குத்தான் சூடு. ஒச்சம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, முனியாண்டிக்குக் கெடா நேர்ந்துகொண்டாள். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அனுசுயா எதற்கோ சிரித்தாள். ஒச்சம்மாளுக்கு நம்பிக்கையே போய்விட்டது. சிரிக்கிறாளே, பாவி மகள்!

"யம்மா!"

அனுசுயாவின் குரல்தான். பிறந்ததிலிருந்து அவள் போடாத சத்தம். எத்தனை வருஷத் தவம்! ஒச்சம்மாள் சந்தோஷப்பட்டாளா? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

"எடுங்கடி அத! எம்புள்ளையக் கொல்லப் பாக்குறீங்களா?"

நித்யஸ்ரீ அதற்குள் எடுத்துவிட்டிருந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அனுசுயா கையைப் பிடித்தபடி, கண்ணீர் வழிய, ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"சுடுதும்மா. எல்லாரும் சொல்றது இதுதானா?"

ஒச்சம்மாள் மகளின் கையை வாங்கி ஊதினாள். அனுசுயா அசையாமல் இருந்தாள்.

"ஊதுனா இப்படி இருக்குமா! இன்னொருக்கா ஊதும்மா."

மருந்தின் வேகம் இறங்கியதும் மறுபடியும் வில்லையை வைத்துப் பார்த்தார்கள். அனுசுயா உதட்டைப் பிதுக்கினாள். ஒன்றும் தெரியவில்லை.

திருப்பூர் பஸ் பிடித்து வீடு வந்தார்கள். சாயங்காலம் ஒச்சம்மாள் வழக்கம்போல் டியூப் லைட்டைப் போட்டாள். சிடுசிடுக்காமல் வந்து நின்ற அனுசுயா, கேட்பதற்கு முன்பே இடது கையை நீட்டினாள். ஒச்சம்மாள் திருப்பிப் பார்த்தாள். ஒரு தடம்கூட இல்லை.

"இங்க ஒண்ணுமில்லடி."

"இருந்துச்சும்மா. இந்த எடந்தான்."

"இப்ப வலிக்குதா தாயி?"

"இல்ல" என்றாள் அனுசுயா. "நீ ஊது."

ஒச்சம்மாள் ஊதினாள்.