ஐம்பத்து நான்கு கிலோ மாப்பிள்ளை

ஒன்பது வயதில் எனக்கு ஆளைப் பார்த்தே எடை சொல்லத் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை, தெரியும். அப்பா தீப்பெட்டிக் கம்பெனியில் எடை போடுகிறவர். பள்ளிக்கூடம் விட்டால் அங்கே இருந்த பெரிய தராசின் பக்கத்தில்தான் எனக்கு இருப்பு. கிலோக் கல் வந்த புதிது. பெரியவர்கள் ராத்தலுக்கும் கிலோவுக்கும் நடுவில் தடுமாறிக்கொண்டிருக்க, நான் கிலோவிலேயே ஊரை அளந்துகொண்டிருந்தேன். தபால்காரர் அறுபத்தொன்று. எங்கள் டீச்சர் எழுபது. அதை அவர்களிடமே சொல்லி அடி வாங்கினேன்.

அந்த வருஷம் என் தாய்மாமாவுக்குக் கல்யாணம். எங்கள் தெருவில் வாத்தியார் வேலைக்குப் போன முதல் ஆள் அவர். நெட்டையாக, ஒல்லியாக இருப்பார். மாப்பிள்ளை குதிரையில் ஏறி, மேளத்தோடு பெரிய தெரு வழியாக வேதக்கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, போவது என்று முடிவாகியிருந்தது. அதுவரை எங்கள் தெரு மாப்பிள்ளைகள் கண்மாய்க்கரையைச் சுற்றி நடந்துதான் போனார்கள். அது குறுக்கு வழி என்று நான் நம்பியிருந்தேன். உண்மையில் அரை மைல் கூடுதல். பெரிய தெருவில் போக நேர்ந்தால் எங்கள் ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். செருப்புத் தேயாமல் இருக்கத்தான் என்று நினைத்திருந்தேன்.

ஊரில் இருந்தது ஒரே குதிரை, வண்டிக்கார ராவுத்தரின் மட்டக்குதிரை. அதன் கழுத்து என் கைக்கு எட்டும். வருகிறேன் என்று வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போன ராவுத்தர், கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

"வாத்தியாரே, தப்பா நினைக்காதீக. நீங்க உசரமான ஆளு. என் குதிரை சின்னது. பாரம் தாங்காது."

குடம் நிறையத் தண்ணீர் இருக்கும்போதே அம்மா தண்ணீருக்குக் கிளம்பினாள். மாமா சிரிக்கப் பார்த்தார், முகம் விழுந்துவிட்டது. கோட்டுகூடத் தைத்தாகிவிட்டது. எனக்கோ கோபம் பொங்கியது. மாமாவின் ஆசை கெட்டதெல்லாம் அப்புறம். எடை விஷயத்தில் என் எதிரிலேயே ஒருவர் தப்பாகப் பேசுவதா?

"போன மாசம் பெரிய தெரு மாப்பிள்ளைய ஏத்துனீகளே! அவரு எம்பத்திரெண்டு கிலோ. கம்பெனித் தராசுல உக்காந்தாரு, நான் பாத்தேன். எங்க மாமா அம்பத்தஞ்சுகூட வரமாட்டாரு."

"ஏட்டி, சும்மா கெட" என்று அப்பா அதட்டினார். அப்பா சும்மா இருக்கச் சொல்லி நான் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. சந்தேகம் இருந்தால் நிறுத்துப் பார்க்கட்டும் என்றேன்.

மாமா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "வாங்க ராவுத்தரே, நிறுத்துத்தான் பாத்துருவோம்."

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கம்பெனியில் காவல்காரர் மட்டும் இருந்தார். மாமா தராசுத் தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அப்பா மறு தட்டில் கல்லை ஏற்றினார். இருபது, இன்னொரு இருபது, பத்து. இரண்டு கிலோக் கல் இரண்டு வைத்ததும் முள் நடுவில் நின்றது. பெரிய தெரு மாப்பிள்ளைக்குச் சமமாக வேண்டுமென்றால் மாமா இருபத்தெட்டு கிலோ மிளகாய் வத்தலை மடியில் கட்டிக்கொள்ள வேண்டும். அதையும் நான் உரக்கச் சொன்னேன். ராவுத்தர் அந்த முள்ளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "குதிரை வரும்" என்றார்.

வந்தது. கல்யாணத்தன்று காலையில் மாமா கோட்டோடு குதிரைமேல் இருந்தார். கால் தரையில் படாத குறைதான். ராவுத்தர் கடிவாளத்தைப் பிடித்து நடக்க, நான் ஒட்டியே நடந்தேன். நான் சொன்ன எடை அல்லவா! பஞ்சாயத்து ரேடியோ அறைக்கு முன்னால் பெரிய தெருக்காரர்கள் பத்துப் பேர் வழியை மறித்து நின்றார்கள். மேளம் நின்றது.

"ராவுத்தரே, வாயில்லாச் சீவன். இம்புட்டுப் பாரத்த ஏத்தலாமா? எறக்கி விடும்" என்றார் முன்னால் நின்றவர்.

மாமா இறங்கவில்லை. குதிரையின் பிடரியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். வாத்தியாருக்குக் குதிரை என்றால் பயமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மறித்தவர்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை. பாவம், விவரம் தெரியாமல் கவலைப்படுகிறார்கள். விவரத்தைச் சொன்னேன்.

"அம்பத்திநாலு கிலோதான்! நிறுத்தாச்சு!"

ராவுத்தர் என்னைப் பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்தார்.

"புள்ள சொல்றது நெசம். என் கண்ணு முன்னாலதான் நிறுத்தாக. போன மாசம் இதவிடக் கனத்தச் சொமந்த குதிரை. தாங்கும். வழி விடுங்க."

நாக்கைச் சொடுக்கிக் குதிரையை நேரே அவர்களைப் பார்த்து நடத்தினார். முன்னால் நின்றவர் விலகினார். அவர் விலகியதும் மற்றவர்களும் விலகினார்கள். கோயில் வாசலில் இறங்கிய மாமா, கோட்டு கசங்குவதைக்கூடப் பார்க்காமல் என்னை இறுக அணைத்துக்கொண்டார்.

அடுத்த மாதத்துக்குள் குதிரைவண்டி நிற்கும் இடம் காலியாகிவிட்டது. குதிரைக்கு முதுகு ஒடிந்துவிட்டதோ? கல்லில் கோளாறோ? அப்பாவை நச்சரித்து எல்லாக் கல்லையும் சரிபார்க்க வைத்தேன். கல் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் சோறு இறங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க மாமா என்னை விருதுநகருக்குக் கூட்டிப்போனபோது, ரயில் நிலைய வாசலில் அந்தக் குதிரை நின்றது. ஓடிப்போய் முதுகைத் தடவிப் பார்த்தேன். ஒரு காயம் இல்லை. மாமா ராவுத்தரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எடை சரியாத்தான இருந்துச்சு?" என்று நான் ராவுத்தரைக் கேட்டேன்.

"ஒரு குறையும் இல்ல தாயி."

"பெறகு ஏன் ஊர விட்டு வந்துட்டீக?"

"அங்கன வண்டில ஏற ஆள் இல்ல. பெரிய தெருவுல இப்ப எல்லாரும் நடந்தே போறாக."

எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. ஒரு குதிரைக்காக ஒரு தெருவே வெயிலில் நடக்கிறதே! பெரிய தெருக்காரர்களுக்கு எவ்வளவு இரக்கம் என்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் மாமாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். மாமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டு வந்தார்.