அமுதவல்லி அக்கா கட்டிய வண்டி

அமுதவல்லி அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் படமாக வந்தது. காலை ஏழு மணிக்குக் கைப்பேசியில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். நடுவில் வண்டி. வண்டியின்மேல் கறுப்புக் கண்ணாடியோடு அவருடைய தம்பி. வலது மூலையில் சின்ன வட்டத்துக்குள், ஏதோ அடையாள அட்டையிலிருந்து வெட்டியெடுத்த முகமாக அக்கா. கீழே இப்படி எழுதியிருந்தது: 'தம்பி கட்டிய தேரேறி வானகம் சென்ற தமக்கையே!'

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இரண்டு வருடம் அந்த வண்டியைப் பிரித்து, கழுவி, தேய்த்துக் கட்டியவர் அக்கா. தம்பி அதில் ஒரு நட்டைக்கூடத் திருகியதில்லை. இழவு வீட்டில் பொய் சொன்னால் யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் கேட்கிறேன். இதை எழுதுவதும் அதற்காகத்தான்.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் சாரம் என்ற பகுதியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நானும் அவரும் வேலை பார்த்தோம். விடிந்ததும் வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து வருவது எங்கள் வேலை. அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. ஒல்லியான உடம்பு. திருமணம் செய்துகொள்ளவில்லை. அந்தக் குற்றத்துக்காக அவருடைய அப்பா கட்டிய வீட்டில் அவருக்குக் கிடைத்தது பின்பக்க அறையும் அதையொட்டிய தகரக் கொட்டகையும். முன்பக்கம் முழுவதும் தம்பியின் குடும்பம். அக்கா ஊசி குத்தினால் குழந்தைகள் அழ மாட்டார்கள். என்னிடம் அழுவார்கள். "நீ நரம்பப் பாக்காம மூஞ்சியப் பாக்குறடி. அதான் அதுங்களுக்கு பயம் வருது" என்பார்.

கருவடிக்குப்பத்தில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சொல்தா இறந்த பிறகு அவர் மனைவிக்குச் சர்க்கரை பார்க்க அக்கா மாதம் ஒருமுறை போவார். அந்த வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்தடியில், ஒற்றை சிலிண்டர் வண்டி ஒன்று துருவேறிக் கிடந்தது. சைலன்சருக்குள் எறும்புகள் குடியிருந்தன.

"மதாம், இது ஓடுமா?" என்று அக்கா கேட்டார்.

"ஓடுனா அவுரு ஏன் என்னெ ரிக்ஷாவுல சர்ச்சுக்குக் கூட்டினு போனாரு? தூக்கினு போம்மா. எடத்த அடைச்சிகினு கெடக்குது."

அந்த அம்மாள் ஆவணங்களிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அக்கா "மெர்சி மதாம்" என்றார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். சரக்கு ஆட்டோவில் வண்டி வீடு வந்து சேர்ந்தது. "குப்பையக் கொண்டாந்து கொட்டுது பாரு" என்று தம்பி வாசலில் நின்று சொன்னாராம்.

அக்கா ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார். அவர் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "யக்கா, பிஸ்டன் புடிச்சிகிச்சி. எடைக்குப் போட்டுடு. ஓட வச்சாலும் பொம்பள காலுக்கு இந்தக் கிக்கர் எறங்காது" என்றார்.

"உன் காலுக்கு எறங்குமா?"

"எனக்கு எறங்கும்."

"அப்ப எறக்கு."

அவர் கிக்கர்மேல் ஏறி நின்று குதித்தார். பிஸ்டன் இறுகிப்போன வண்டி அது. கிக்கர் ஒரு நூல்கூட நகரவில்லை. "ஏம்பா, ஒன் காலு ஆம்பள காலு இல்லியா?" என்று அக்கா கேட்டார். மெக்கானிக் போனவர்தான். அதன் பிறகு யாரையும் அழைக்கவில்லை.

வேலை முடிந்த மதியங்களில் கொட்டகையில் உட்கார்ந்தார். எங்கள் தொழிலில் கையாளும் பொருள்களையே பட்டறைக் கருவிகளாக்கினார். பிளக் துளை வழியாகப் பெரிய சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டு ஒன்பது நாள் ஊறவைத்தார். கார்புரேட்டரின் அடைப்பை மெல்லிய ஊசியால் எடுத்தார். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் காலாவதியான மாதிரிப் புட்டிகளில் போட்டு, நோயாளிகளுக்கு ஒட்டுவதுபோலச் சீட்டு ஒட்டினார். ஒன்றில் 'பெயர்: கிளட்ச். வயது: தெரியாது. வெறும் வயிறு' என்று எழுதியிருந்தது. பத்தாவது நாள் பிஸ்டன் அசைந்தது. அன்று எனக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

அவர் ஒன்றும் பிறவி மேதை அல்லர். கிளட்ச் தட்டுகளை வரிசை மாற்றிப் போட்டு இரண்டு முறை திரும்பப் பிரித்தார். எல்லாவற்றையும் கட்டி முடித்த நாளில், ஆசையில் கண்மூடித்தனமாக உதைத்தார். கிக்கர் திருப்பி அடித்தது. கணுக்கால் வீங்கிவிட்டது. வேலையிடத்தில் படி தவறியதாகச் சொல்லிவிட்டு இரண்டு வாரம் நொண்டினார். அந்த இரண்டு வாரத்தில்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். அது பலத்தின் வேலையே இல்லை. முகப்பில் அம்மீட்டர் என்று ஒரு சின்ன முள் இருக்கிறது. கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால் அந்த முள் ஆடி நடுவில் வந்து நிற்கும். அங்கே நிறுத்த வேண்டும். இடக்கைப் பிடியருகே இருக்கும் சின்ன லிவரை இழுத்தால் சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று வெளியேறும். கிக்கரை இன்னும் ஒரு விரல்கடை இறக்கி, லிவரை விட்டு, அப்புறம் உதைக்க வேண்டும். ஓடும் இன்ஜினை நிறுத்தவும் அதே லிவர்தான்.

அவருடைய கால் வீங்கியிருந்ததால், அவர் சொல்லச் சொல்ல நான் உதைத்தேன். முதல் உதையிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. தகரக் கொட்டகை முழுக்க அதிர்ந்தது. அக்கா முக்காலியில் உட்கார்ந்தபடி அழுதார். பிறகு என்னை முறைத்தார். "ரெண்டு வருஷம் நான் கெடந்து சாவுறேன். மொத ஸ்டார்ட்டு உனக்காடி?" விளையாட்டாகச் சொல்லவில்லை. மறுநாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

வண்டியை வேலைக்கு எடுத்துவர நிலையத்தின் மேலாளர் அனுமதிக்கவில்லை. நோயாளிகள் பயந்துவிடுவார்களாம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பிள்ளைச்சாவடிக்குப் போய் மீன் வாங்கி வருவார். அந்தச் சத்தத்தைக் கேட்டு மீன்காரப் பெண்கள் அவருக்கு மட்டும் நல்ல சங்கராவை எடுத்து ஒதுக்கிவைப்பார்கள்.

அதுவரை குப்பையாக இருந்தது அதன் பிறகு தம்பிக்குப் பெருமையாகிவிட்டது. தம்பி மனை புரோக்கர். தோல் சட்டை போட்டுக்கொண்டு ஞாயிறுதோறும் ஊர் சுற்றும் ஒரு பைக் குழுவில் உறுப்பினர். அவர்கள் வைத்திருப்பவை பழைய வண்டிபோலச் செய்த புதிய வண்டிகள். பட்டனை அழுத்தினால் ஓடும். தங்க முலாம் பூசிய பித்தளைக்கு இருக்கும் மரியாதைகூட அவற்றுக்கு இல்லை. அவர்கள் வீட்டுக்கு வந்து அக்காவின் வண்டியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். "நம்ம ஆளு கட்டுன வண்டி" என்று தம்பியின் முதுகைத் தட்டினார்கள். அக்கா அவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தார். தம்பி மறுக்கவில்லை.

"ஏங்கா சும்மா இருந்தீங்க?" என்று நான் சண்டைக்குப் போனேன்.

"சொல்லிட்டுப் போவட்டும்டி. எவனயாவது ஸ்டார்ட் பண்ணச் சொல்லு" என்றார்.

போன மாதம் அவருக்குக் காய்ச்சல். ஊரார் காய்ச்சலையெல்லாம் அளந்து சொல்லும் நிலையத்தில், நான்கு நாள் காய்ச்சலோடு அவரை வீடு வீடாக அனுப்பினார்கள். ஆள் இல்லையாம். ஐந்தாம் நாள் விழுந்தார். ஆறாம் நாள் போஸ்டர் வந்தது. மேலாளர் பெரிய மாலையோடு வந்திருந்தார். அவ்வளவு பெரிய மாலையை வாங்கிவர மட்டும் அவருக்கு ஆள் கிடைத்திருக்கிறது.

பாடையை எடுக்கும் நேரம். அக்காவின் வண்டி முன்னால் போக வேண்டும், தம்பி ஓட்ட வேண்டும், குழு பின்னால் வர வேண்டும் என்று ஏற்பாடு. ஒருவர் படம் பிடிக்கத் தயாராக நின்றார். தம்பி ஏறி உதைத்தார். கிக்கர் திருப்பி அடித்ததில் செருப்பு பறந்து பறையடிப்பவர் காலடியில் விழுந்தது. "தம்பி, காலு இருக்குதா பாரு" என்றார் அவர். குழுவில் ஒவ்வொருவராக முயன்றார்கள். ஆறு பேர். முள்ளை யாரும் பார்க்கவில்லை. பாடை வெயிலில் காத்திருந்தது.

பக்கத்து வீட்டு அம்மாள் என்னைக் கைகாட்டினார். தம்பி வந்தார். "ஏம்மா, உனக்குத் தெரியுமாமே? ஸ்டார்ட் பண்ணிக் குடுத்துட்டு எறங்கு. பொம்பளைங்க தெருமுனையோட நின்னுடணும்."

நான் ஏறினேன். முள் நடுவுக்கு வந்தது. லிவரை இழுத்தேன், விட்டேன், ஒரே உதை. வண்டி எழுந்தது. அதுவரை அடங்கியிருந்த பெண்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கதறிவிட்டார்கள். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

"போதும். எறங்கு."

"இத யாரு கட்டுனது? எல்லார் முன்னாலயும் ஒரு தடவ சொல்லிடுங்க. எறங்கிடறேன்."

"எழவு வூட்ல இன்னா கேள்வி இது? எங்க குடும்பத்து வண்டி."

கிளட்சைப் பிடித்து, வலது கால் விரலால் முதல் கியரில் போட்டேன். பிறகு லிவரை இழுத்தேன். இன்ஜின் நின்றது. இறங்கிப் பெண்களோடு போய் நின்றுகொண்டேன்.

திரும்ப உதைக்க அவர்களுக்குத் துணிவில்லை. கிளட்சைப் பிடிக்கத் தோன்றாமல் தள்ளிப் பார்த்தார்கள். வண்டி வரவில்லை. கியரில் கிடக்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்து, எல்லா வண்டியிலும் இருப்பதுபோல இடப்பக்கத்து மிதியை மிதித்துக்கொண்டே இருந்தார். அந்த வண்டியில் அது பிரேக். கியர் வலப்பக்கம். கட்டியவருக்குத் தெரியும். தோல் சட்டைகள் வியர்வையில் நனைய நனைய, பின் சக்கரம் சுழலாமலே தெருமுனைவரை இழுத்துப்போய், அங்கே சரக்கு ஆட்டோவில் தூக்கிப் போட்டார்கள்.

சாரத்தில் அந்தத் தெருவின் சிமென்ட் சாலையில், அக்காவின் வாசலிலிருந்து முனைவரை டயர் தேய்ந்த கறுப்புக் கோடு இன்னும் இருக்கிறது. ரத்தம் எடுக்கப் போகும் காலைகளில் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

நீங்கள் சொன்னபடியே ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் பார்த்தாயிற்று அக்கா. எவனாலும் முடியவில்லை. நிம்மதியாகப் போங்கள்.