மெழுகுவர்த்தியோடு வந்தால் ஆட்டோ கிடையாது

எந்தச் சக்கரவர்த்திக்கும் வாய்க்காத பொறுப்போடு, எரியும் மெழுகுவர்த்தியைப் பிடித்தபடி கசார்வாடி சாலையோரம் நிற்கிறேன்.

காலையில் இங்கே மண்டபத்தில் அக்கா மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கிறிஸ்தவர்கள். மணமக்கள் ஆளுக்கொரு மெழுகுவர்த்தியால் நடுவிலிருந்த பெரியதை ஏற்றினார்கள். இனி இருவரும் ஒன்று என்று அர்த்தமாம்.

"இப்போ உங்க கையில இருக்கிறதை ஊதிடுங்க" என்றார் தொகுப்பாளர்.

மாப்பிள்ளை ஊதிவிட்டார். எங்கள் பெண் வாயைக் குவிப்பதற்குள் அக்கா மேடையேறிவிட்டாள்.

"விளக்கை வாயால ஊதுறதா? அதுவும் இன்னிக்கா?"

பிடுங்கி என்னிடம் தந்தாள். "டேய், அணையாம வீட்டுக்குக் கொண்டுபோய் சாமி ரூம்ல வை. தானா மலையேறட்டும். வழியில அணைஞ்சுதுன்னா எனக்கு ஜென்மத்துக்கும் தூக்கம் வராது."

வீடு இருக்கும் சாங்விக்குப் போக இதுவரை ஏழாயிரம் ஆட்டோக்களைக் கேட்டுவிட்டேன்.

"காகா, இது சி.என்.ஜி. வண்டி. நெருப்போட ஏறுவீங்களா?" என்று இந்தியில் சீறினார் ஒருவர். காகா என்றால் இந்த ஊரில் பெரியவர்.

அடுத்தவர் நல்ல மனிதர். "ஊதிட்டு ஏறுங்க காகா. வீட்டுல போய் பத்த வெச்சுக்கோங்க. யாருக்குத் தெரியும்?"

நியாயம்தான். சுற்றிலும் பார்த்தேன், சொந்தபந்தம் ஒருவரும் இல்லை. நானோ சகுனத்துக்கு அஞ்சாதவன். நான் குறுக்கே போனால் பூனைகள்தான் வீட்டுக்குத் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும்.

ஆனாலும் ஊத வாய் குவிய மாட்டேன் என்கிறது.

அந்த ஆட்டோவும் போய்விட்டது. ஒவ்வொரு பேருந்து கடக்கும்போதும் சுடர் படுத்து எழுகிறது, கூடவே என் உயிரும்.

சாங்வி வரை காற்றுக்கு மறைப்பாக என் பக்கத்தில் நடந்து வர, நல்ல தொந்தியுள்ள நண்பர்கள் யாராவது உண்டா?