குற்றாலலிங்கமும் கிழக்குக் காற்றும்

மலையின் மேற்குச் சரிவில், போனக்காட்டுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குற்றாலலிங்கம் பத்தொன்பது வருடம் தீக்காவல் பார்த்தார். அம்பாசமுத்திரத்துப் பக்கம் பிறந்தவர். எழுத்து தெரியாது. தொழிலாளர் லயத்தில் ஓர் அறை; அவரும் மனைவி பொன்னம்மையும் அதில் இருந்தார்கள். வேலை போனால் அன்றைக்கே அறையும் போகும்.

1954இல் நான் அங்கே ஆபீஸ் குமாஸ்தா. எங்கள் ஊரில் முதல் பி.எஸ்ஸி. நான்தான், இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

காட்டுக்கும் தேயிலைக்கும் நடுவே பட்டையாக ஓடும் புல்லை வருடந்தோறும் மாசியில் நாங்களே எரித்துவிடுவோம். வெறும் மண்ணாய்க் கிடந்தால் காட்டுத்தீ தாண்டாது. பனி ஈரம் இருக்கும்போதே, காலை எட்டு மணிக்குள் கொளுத்தவேண்டும் என்பது துரை கையெழுத்திட்ட ஆர்டர். நல்ல விதிதான். ஆனால் அந்த வாரம் பனியே இல்லை. கிழக்கே பாண்டிநாட்டுப் பக்கமிருந்து மலை தாண்டிய காற்று, இறங்க இறங்கச் சூடேறி, சருகில் மிச்சமிருந்த ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஈரத் தெர்மாமீட்டருக்கும் உலர்ந்ததற்கும் இருபது டிகிரி வித்தியாசம்; காற்று அவ்வளவு வறட்சி. அதைக் குறித்துக்கொண்ட நானேதான் குற்றாலலிங்கத்துக்கு ஆர்டரையும் வாசித்தேன்.

"சாரே, இது கிழக்கன். காலம்பறதான் அவனுக்கு மூர்க்கம். மூணு மணிக்குக் கடல்காத்து ஏறி வரும்லா, அப்பம் கொளுத்துவோம்."

"எட்டு மணின்னு போட்டிருக்கு அண்ணாச்சி. மாத்த எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்பம் அந்த ஆர்டரைக் காத்துக்கு வாசிச்சுக் காட்டும்!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு லயத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தீக்குச்சியை உரசினார்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தீ பட்டையைத் தாண்டித் தேயிலைக்குள் இறங்கிவிட்டது. கூட வந்த நாலு ஆட்கள் ஓடை வழியாகத் தப்பினார்கள். நாங்கள் இருவரும் ஒரு மொட்டைப் பாறைமேல் ஏறினோம். பிறகு இறங்க வழியில்லை. சுற்றிலும் கனல், புகை. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்துக் கிடந்தோம். வெயில் ஏறப் பாறையும் சுட்டது. மூன்று மணிக்கு மேற்கிலிருந்து ஈரக்காற்று வந்தது. தீ திரும்பிக் கருகிய மண்ணிலேயே விழுந்து, தின்ன ஒன்றுமில்லாமல் செத்தது.

யார் கொளுத்தியது, எப்போது என்று துரை ரிப்போர்ட் கேட்டார். வழிப்போக்கன் யாரோ பீடி போட்டதாக எழுதிவிடலாம் என்றேன்.

"பீடின்னு எழுதினா அடுத்த வருசமும் எட்டு மணிதான வரும்? அப்பம் பாறைமேல யாரு கிடந்து வேகணும்? நான் கொளுத்தினேன்னு எழுதும். காத்தையும் சேத்து எழுதும்."

"அறை போயிருமே அண்ணாச்சி."

அவர் மை தடவக் கட்டைவிரலை நீட்டினார்.

இருபது டிகிரியையும், ஆர்டரை வாசித்தது நான் என்பதையும் சேர்த்தே எழுதினேன். பதில் வந்தது. கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் மூன்று மணிக்கு முன் கொளுத்தக்கூடாது. குமாஸ்தாவுக்கு எச்சரிக்கை. காவலாள் நீக்கம்.

பொன்னம்மை சட்டிபானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பி.எஸ்ஸி. சாரே, காத்தெல்லாம் படிச்சிருக்கீரே, எங்களுக்குக் கிடக்க ஒரு அறை எங்க உண்டுன்னு படிச்சுச் சொல்லும்!"

"சும்மா கெட, நீ" என்றார் அவர்.

ஆபீஸ் கொடுத்த என் அறையின் சாவி சட்டைப்பையில் இருந்தது. வெளியாட்கள் தங்கக்கூடாது என்று அதன் கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். சாக்கின் ஒரு முனையைப் பிடித்து லாரிவரை தூக்கிக் கொடுத்தேன்.