ஐந்தருவியில் நடந்ததை நான் சொல்லவில்லை

ஈரச் சேலையோடு அம்மா யாரோ ஒரு குடும்பத்தின் வேனில் ஏறி உட்கார்ந்திருந்தாள். ஒரு செமஸ்டர் மட்டும் படிப்பதற்காக நான் ஜெர்மனிக்குக் கிளம்ப நான்கு நாள் இருந்தது. சாரல் முடிவதற்குள் ஒருமுறை என்று தென்காசியிலிருந்து ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தோம். பெண்கள் பக்கத்திலிருந்து எனக்கு முன்னால் வெளியே வந்தவளைக் கால் மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தேன். கையைப் பிடித்து இறக்கியபோது, "ஏட்டி, நாம எங்கன வந்திருக்கோம்?" என்று மெதுவாகக் கேட்டாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் குளித்துவந்த அருவி அது.

பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்த அப்பா, "இவ்வளவு நேரமா?" என்றார். "கூட்டம்ப்பா" என்றேன்.

அது முதல் தடவையும் அல்ல. மார்க்கெட்டுக்குப் போனவளை ஆட்டோக்காரர் ஒருவர் வீடு விசாரித்துக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டிருக்கிறாள். அப்பாவின் கண்ணில் படாமல் அதையெல்லாம் நான் சரிசெய்துகொண்டே வந்தேன். கல்லூரியில் என் ஒருத்திக்குத்தான் ஜெர்மனியில் படிக்க இடம் கிடைத்திருந்தது. சொன்னால் அப்பா தடுத்துவிடுவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அந்த மனிதர் ஒருநாளும் தடுத்திருக்கமாட்டார். போகாமலிருக்கும் முடிவை நானே எடுக்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் பயந்தேன்.

பெட்டி கட்டும்போது, வைத்ததை மறந்து மறந்து, அம்மா மூன்று முறை பருப்புப் பொடிப் பொட்டலம் வைத்தாள். திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் "எப்ப வருவட்டி?" என்றாள். பிப்ரவரி என்றேன். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் கேட்டாள். உள்ளே போய் உட்கார்ந்து அழுதேன். பிரிவால் மட்டும் வந்த அழுகை இல்லை அது. இனி தினமும் இதைப் பார்க்க வேண்டாம் என்ற ஆறுதலும் அதில் இருந்தது. அந்த ஆறுதலை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அங்கே நான்கு மணிக்கே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவோம். திரையில் அம்மா மட்டும் தெரிவாள். பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் தணிந்து கேட்கும். "சாப்பிட்டியான்னு கேளு." அவள் கேட்பாள். "குளிருதான்னு கேளு." கேட்பாள். எனக்குக் கேட்காததுபோல் நான் பதில் சொல்வேன். டிசம்பரில் ஒருநாள் அவள் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பி, "யாருங்க இந்தப் பொண்ணு?" என்றாள். "சிக்னல் சரியில்லம்மா" என்று அப்பா துண்டித்தார். "ஆமாப்பா, சிக்னல் சரியில்ல" என்று பிறகு நானும் செய்தி அனுப்பினேன். மறுநாளே கிளம்பியிருக்கலாம். தேர்வு முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

திரும்பியபோது அழைத்துப்போக அப்பா மட்டும் வந்திருந்தார். வண்டி ஆரியங்காவு கணவாயைத் தாண்டியது. பிறகு, "உன் படிப்பு கெட்டுரக் கூடாதுன்னுதாம்மா நான் சொல்லல" என்று குரல் உடையச் சொன்னார். என்னிடம் மறைத்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முன்பே எனக்குத் தெரியும் என்று அப்போதும் நான் சொல்லவில்லை.

முன்பே சிகிச்சைக்கு வந்திருந்தாலும் இந்த மறதி நோயைத் திருப்பியிருக்க முடியாது, சிலருக்கு இப்படி வேகமாக இறங்கும் என்றார் டாக்டர். அப்பா அதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றுகிறார். ஆனால் என்னை மகளென்று அவளுக்குத் தெரிந்த கடைசி மாதங்கள் அவை. அவற்றில் நான் இல்லை.

அதன்பின் மேல்படிப்பு எதற்கும் வெளியூர் போகவில்லை. தென்காசியிலேயே ஒரு வேலை. சாயங்காலம் வந்ததும் அம்மாவுக்குத் தலை வாரிவிடுவேன். பக்கத்து வீட்டுப் பெண் என்று நினைத்து மரியாதையாகப் பேசுவாள். நேற்றும் பேசினாள்.

"எம் மவ வெளிநாட்டுல படிக்கா. அவகிட்ட போன்ல பேசுவீங்களா?"

"பேசுவேன்."

"அம்மைக்கு அவள ரொம்பத் தேடுதுன்னு சொல்லுங்க."

"சொல்லுதேன்" என்றேன்.