மீன் வாசனை எங்கள் வீட்டிலிருந்து வரவில்லை

2008-ஆம் வருஷம், மே மாதம். சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் ஒரு சின்ன அடுக்குமாடிக் குடியிருப்பில், முதல் மாடியில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்தோம். மேற்கு தாம்பரத்தில் ஒரு எலெக்ட்ரிக்கல் கடையில் பில் போடுவது என் வேலை. அம்மாவுக்குக் கோவளத்துப் பக்கம் ஒரு மீனவக் கிராமம். அப்பா போன பிறகு மீன் விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார். முழங்கால் தேய்ந்துபோய் நடமாட்டம் குறைந்ததும் என்னோடு வந்துவிட்டார்.

எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். சைவக் குடும்பம். அவரை சார் என்றும் அந்த அம்மாவை மாமி என்றும் கூப்பிடுவேன். அந்தக் கோடைக்குக் கொஞ்சம் முன்னால்தான் வீட்டையே புதிதாக்கி, ஏசியும் வைத்திருந்தார்கள். இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவே இருந்த பொது நடைக்கும் சேர்த்து, மரச்சட்டம் அடித்து ஃபால்ஸ் சீலிங் போட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வந்தவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் மாமி என்னைக் கூப்பிட்டார். "தப்பா நெனச்சுக்காதம்மா. நீங்க என்ன வேணா சாப்பிடுங்கோ. ஆனா மத்தியானத்துல நடையில நிக்க முடியல, அப்படி மீன் வாடை. கதவ சாத்திண்டு சமைக்கக் கூடாதா?"

நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அம்மாவிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து வீட்டில் மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டார். மீன் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. ரசத்தை ஊற்றிக்கொண்டு, தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவார். எனக்குத்தான் பார்க்கப் பொறுக்காது.

ஒரு வாரம் போயிருக்கும். படிக்கட்டில் சார் என்னை நிறுத்தினார். வாசனை இன்னும் போகவில்லை, இப்படியே இருந்தால் வீட்டுக்காரரிடம் பேச வேண்டி வரும் என்றார். வீட்டுக்குள் வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"அடுப்புல மீனே ஏறல. அப்பவும் நம்மளத்தான் சொல்றாங்களா?" என்றார் அம்மா. சுவரைப் பிடித்தபடி மெதுவாக வாசலுக்கு நடந்து, மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "நாத்தம் இருக்கத்தான் கீது. ஆனா இது மீனு இல்லடி. இன்னான்னு தெரில."

அம்மா சொன்னது சரி. எனக்கும் அந்த வாசனை வந்தது. மீன் மாதிரிதான், ஆனால் தொண்டையில் லேசாகக் கமறியது. அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். இது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை. அம்மா தன் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் நாள் இனி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

சாக்கடை மூடியைத் திறந்து பார்த்தேன். குப்பைத் தொட்டி, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்தேன். எதிலும் இல்லை. நடையில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வாசனை குறைந்துகொண்டே போய் இல்லாமலே ஆனது. கரண்ட் வந்தது. எதிர் வீட்டு ஏசி ஓட ஆரம்பித்தது. மறுபடியும் வாசனை. கரண்டோடு வந்து கரண்டோடு போகிற மீன் வாசனை எது என்று அன்று பூராவும் மண்டையைக் குடைந்துகொண்டேன்.

பதில் மறுநாள் கடையிலேயே கிடைத்தது. ஒரு வாடிக்கையாளர் கருகிப்போன ஏசி பிளக் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். இதே மாதிரி வேறு வேண்டும் என்றார். அதை எடுத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே வாசனை! எங்கள் கடைக்குத் தினமும் சாமான் வாங்க வரும் எலெக்ட்ரீஷியன் அண்ணா ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தார். அவரிடம் காட்டிக் கேட்டேன்.

"சில பிளாஸ்டிக் சூடேறினா மீன் நாத்தம்தாம்மா அடிக்கும். எங்க அடிக்குது?" என்றார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. கையில் இருந்த வேலையை முடித்துவிட்டு நேராக வருவதாகச் சொன்னார். நான் முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

வழியெல்லாம் ஒரே நினைப்புதான். அந்த நடையைத் தாண்டித்தான் இரண்டு வீட்டுக்காரர்களும் படிக்கட்டுக்குப் போக முடியும். அங்கே தீப்பிடித்தால் அம்மாவின் முழங்காலை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

சார் கதவைத் திறந்தார். ஏசியை நிறுத்துங்கள், வாசனை வருகிற நடை சீலிங்கைத் திறந்து பார்க்க வேண்டும் என்றேன். அவருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"உங்க வீட்டு வாசனைக்கு என் வீட்டு ஏசிய நிறுத்தணுமா? கோளாறுன்னா எம்.சி.பி. ட்ரிப் ஆகியிருக்காதா?"

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இணைப்பு தளர்ந்து போனால் கரண்ட் அதிகமாக இழுக்காது. அதனால் எம்.சி.பி. சுவிட்ச் தானாக விழாது. தளர்ந்த இடம் மட்டும் சூடாகிக்கொண்டே இருக்கும். கடையில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சொன்னேன். அவர் நம்பாமல், வேலை செய்த காண்ட்ராக்டருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏசி வயர நடை சீலிங் மேலயே கொண்டுபோனேன், வழியில பத்தல சார், அதான் ஒரு ஜாயின்ட். பெட்டி போட்டு மூடிட்டேன். மெயின்டனன்ஸ் ஃப்ரீ. தொறக்கவே வேணாம்" என்றது அந்தக் குரல்.

வயர் இணைக்கிற அந்த மாதிரிப் பெட்டிகளுக்கு நான் தினமும் பில் போடுகிறவள். "உள்ள ஸ்க்ரூ கனெக்டரா, ஸ்பிரிங் கனெக்டரா?" என்று கேட்டேன்.  அதெல்லாம் உங்களுக்கு எதற்கு மேடம் என்று போனை வைத்துவிட்டான்.

எனக்கு அதுவே போதும். கை எட்டாத இடத்தில் இணைப்பு வைத்து மூடுவதென்றால், அதற்கென்றே செய்து சோதித்த பெட்டி வேண்டும். வயரை உள்ளே ஸ்பிரிங் கவ்விப் பிடித்திருக்க வேண்டும். இழுத்தாலும் வராதபடி வெளியே கிளாம்ப் இருக்க வேண்டும். ஓடுகிற கரண்டைத் தாங்குகிற அளவு வேண்டும். ஸ்க்ரூ வைத்ததென்றால் நாள்பட நெகிழும். அவ்வப்போது திறந்து முடுக்க வழி இருக்க வேண்டும். சும்மா மூடிவிட்டால் மெயின்டனன்ஸ் ஃப்ரீ ஆகிவிடாது.

சார் அசையவில்லை. அசோசியேஷன் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்தப் போனார். நான் எங்கள் வீட்டு ஸ்டூலைக் கொண்டுவந்து நடையில் போட்டு ஏறினேன். சீலிங்கை உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தேன். விளக்குக்குக் கொஞ்சம் தள்ளி ஓரிடத்தில் சட்டென்று கையை எடுத்தேன். அவ்வளவு சூடு. கீழே இருந்து பார்த்தால் தெரியாத பழுப்புத் திட்டு ஒன்றும் அங்கே இருந்தது.

"மாமி, நீங்களே வந்து தொட்டுப் பாருங்க" என்றேன்.

சார் தடுத்தார். மாமி கேட்கவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி ஸ்டூலில் ஏறினார். தொட்டார். இறங்கியதும் நேரே உள்ளே போய் மெயினையே அணைத்துவிட்டு வந்தார். "அந்த காண்ட்ராக்டர் பையன் சொல்றத விடுங்கோ. என் கை பொய் சொல்லாது" என்றார்.

எலெக்ட்ரீஷியன் அண்ணா வந்து சோதித்துப் பார்த்துவிட்டு, அந்த இடத்தைச் சதுரமாக அறுத்து எடுத்தார். உள்ளே விளக்குக்குப் போடுகிற சின்னப் பெட்டி. மூடி உருகி வளைந்து கிடந்தது. அதற்குள் ஏசி வயரின் இணைப்பு, ஒரு ஸ்க்ரூ கனெக்டரில். தொட்டதும் பொடிந்து கொட்டியது. பக்கத்தில் இருந்த மரச்சட்டம் விரல் நீளத்துக்குக் கரியாகியிருந்தது. அவர் அதைச் சுரண்டிக் காட்டினார். சார் சுவரில் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டார். அவர் சாய்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

எங்கள் வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார். மாமி அவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அம்மா மட்டும் "அட, வுடுமா" என்றது கேட்டது.

நான் அதோடு விடவில்லை. அதே காண்ட்ராக்டர் இரண்டாவது மாடியிலும் கீழேயும் வேலை செய்திருந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் உள்ளேயே விடவில்லை. சாரே என்னோடு வந்து, கரியான அந்தக் கட்டையைக் காட்டிய பிறகுதான் திறந்தார்கள். கீழ் வீட்டில் அலமாரிக்குப் பின்னால் இன்னொரு இணைப்பு, பெட்டிகூட இல்லாமல் டேப் மட்டும் சுற்றிக் கிடந்தது. முடிந்த இடத்திலெல்லாம் இணைப்பே இல்லாத முழு வயராக மாற்றினோம். முடியாத இடங்களில் ஸ்க்ரூ வைத்த பெட்டியைக் கை எட்டுகிற இடத்துக்குக் கொண்டுவந்தோம். மூடியே தீர வேண்டிய ஒரே ஒரு இடத்துக்கு, எங்கள் முதலாளி வெளியூரிலிருந்து வரவழைத்துக் கொடுத்த ஸ்பிரிங் கனெக்டர் பெட்டி.

அதற்குப் பிறகு பல வீடு மாறிவிட்டோம். இன்றைக்கும் ஒரு சுவரைப் பூசும் முன்பு யாராவது "அதெல்லாம் சரியா இருக்கு, நீங்க கவலப்படாதீங்க" என்றால் நான் சண்டை போடுவதில்லை. மூடுவதற்கு முன்னால் ஒருமுறை காட்டுங்கள் என்று மட்டும் கேட்கிறேன், காட்டும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.